ஏடு, அச்சு, எண்ணிமம்: யாழ்ப்பாணத்துச் சஞ்சிகைகளைத் தொகுத்துப் பேணல்

ஒரு சமூகத்தின் எழுத்துச் செல்வம், எழுதப்பட்ட பொருளின் ஆயுளை மட்டும் நம்பி நிலைப்பதில்லை. அப்பொருள் அழியுமுன் எழுத்து வேறொரு பொருளுக்கு மாற்றப்படுவதாலேயே அது நிலைக்கின்றது. பனையோலைகள் காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட்டமையாலேயே பழந்தமிழ் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்துப் பதிப்பு வரலாற்றை இவ்வாறு நோக்கின், அதில் ஏடு, அச்சு, எண்ணிமம் என்னும் மூன்று கட்டங்களைக் காணலாம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொணர்ந்ததில் யாழ்ப்பாணத்தவர் பங்கு பெரிது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, வீரசோழியம் (1881), கலித்தொகை (1887), சூளாமணி (1889) முதலியவற்றைப் பதிப்பித்தார். இவற்றின் ஏடுகள் பிற்காலத்தில் அழிந்திருப்பினும் நூல்கள் அழியா. ஏனெனில் அச்சுப் பிரதிகள் பல ஊர்களிற் பரவிவிட்டன. பிரதிகளின் பெருக்கமே பாதுகாப்பு என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

ஆயின் இப்பாதுகாப்புச் சஞ்சிகைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கிட்டவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரி, 1946 முதல் 1948 வரை வெளிவந்த மறுமலர்ச்சி, டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கி 2012 வரை நடத்திய மல்லிகை ஆகியவற்றை நீக்கி ஈழத்து நவீன இலக்கியத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது. எனினும் நூல்கள் மறுபதிப்புப் பெற்றதுபோலச் சஞ்சிகைகள் பெறுவதில்லை. சில சிறுகதைகளும் கவிதைகளும் தொகுதிகளாகின்றன. ஆசிரியத் தலையங்கங்கள், வாசகர் கடிதங்கள், நூல் மதிப்புரைகள், விளம்பரங்கள் ஆகியன அவ்விதழ்களோடேயே தங்கிவிடுகின்றன. மலிவான தாளில் அச்சான அவ்விதழ்களோ சில பத்தாண்டுகளில் மஞ்சளித்து, மடித்த இடத்திலேயே ஒடிந்துவிடும் இயல்பின. 1960களில் இலக்கிய மரபு பற்றி எழுந்த விவாதத்தை ஆராய்பவனுக்கு, வெளியான படைப்புகளினும் அவற்றைச் சூழ்ந்த இப்பக்கங்களே பெரிதும் வேண்டப்படுவன.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் தீக்கிரையானது. அழிந்தவற்றுள் வேறிடங்களிற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிக்கொள்ளலாயிற்று. ஓலைச்சுவடிகளையும் பழைய பத்திரிகைத் தொகுதிகளையும் அவ்வாறு ஈடுசெய்ய இயலவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீடுகளிற் சேர்த்துவைத்த ஏடுகளும் இதழ்களும் கைவிடப்பட்டன. ஒரே பிரதி ஓரிடத்தில் இருத்தலின் ஆபத்தை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

மூன்றாங் கட்டம் இவ்விடத்திலேயே பொருள் பெறுகின்றது. தமிழில் இதற்கு இருவேறு வழிகள் கையாளப்பட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து எழுத்து வடிவிலே தந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணும் நோக்குடன் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமோ பெரும்பாலும் பக்கங்களை அப்படியே படமாக்கி வழங்குகின்றது. முன்னதில் ஒரு சொல்லைத் தேடுதல் எளிது. பின்னதில் விளம்பரமும் எழுத்துருவும் பக்க அமைப்பும் மாறாது நிற்கின்றன. சஞ்சிகைகளுக்குப் பின்னதே பொருத்தம் எனலாம்.

எனினும் படமாக்குதல் மட்டும் தொகுத்தலாகாது. ஒரு சஞ்சிகையின் முதலிதழ் ஒரு கிராமத்து வீட்டிலும், அடுத்த இதழ் கடல்கடந்த ஓரன்பரிடத்தும் இருக்கக்கூடும். அவற்றை வரிசைப்படுத்தி, ஆசிரியர் பெயரும் புனைபெயரும் பொருளும் குறித்து அட்டவணை செய்தபின்னரே அது தொகுப்பாகின்றது. அவ்வரிசையின் மற்றொரு பயன், கிடைக்காத இதழ்கள் எவை என்பதை அது வெளிப்படுத்துவதாகும். இல்லாதது இன்னதெனத் தெரிந்தாலன்றித் தேடுதல் இயலாது.

எண்ணிமம் அழியாதது எனக் கருதுதல் தவறு. ஒருங்குறி வழக்கிற்கு வருமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. எண்ணிமப் பிரதியும் ஏட்டைப்போலவே காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட வேண்டியது. உரிமைச் சிக்கலும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நிலைக்கின்றது. ஆகவே ஒரே இதழில் எழுதிய பலரிடத்தும், அவர்தம் உரித்தாளரிடத்தும் இசைவு பெறுதல் வேண்டும்.

தாமோதரம்பிள்ளையின் பணி ஏட்டை அச்சேற்றியதோடு முடியவில்லை; தேடலும் ஒப்பீடும் ஒழுங்கும் அதன் உயிராயின. இன்றைய இயந்திரம் பக்கத்தைக் கணப்பொழுதிற் படமாக்கும். பரண்களிலும் பெட்டகங்களிலும் எஞ்சிய இதழ்களைத் தேடுதலும், அவற்றுக்கு அட்டவணை ஆக்குதலும் இன்றும் மனிதர் பணியே. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களில் இப்பணியைத் தொடங்குவாராயின், இன்று வெற்றிடமாய் நிற்கும் இதழ்களுட் சிலவேனும் நிரப்பப்படும்.