ஜப்பானில் கேட்டது, கடலூரில் கேட்குமா?

விருத்தாசலத்தில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. ஏரியலின் இரு முனைகளிலும் கட்டும் பீங்கான் இன்சுலேட்டரும் கம்பியும் கயிறும் இருந்தால் ஏரியல் தயார். அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அறிவதுதான் கடினம். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "நேற்று மாலை ஜப்பானிலிருந்து பதில் வந்தது சார், ஏரியல் பிரமாதம்!" என்பார். பதில் வந்தது ஏரியலின் திறமையாலா, அன்று மாலை அயனி மண்டலம் காட்டிய கருணையாலா? இக்கேள்விக்கு வயது நூறுக்கும் மேல்.

1901 டிசம்பர் 12இல் நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி ஒரு பட்டத்தில் நீண்ட கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். அட்லாண்டிக்குக்கு அப்பால் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். சாட்சி அவர் காதும் உதவியாளர் கெம்ப்பின் காதும்தான். கருவிப் பதிவு ஏதுமில்லை. ஆகவே சில அறிஞர்களின் ஐயம் இன்றும் தீரவில்லை.

1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனுக்கு அனுப்பினர். தரையை ஒட்டிச் சில நூறு மீட்டர் நீளத்துக்கு ஓடிய 'பெவரேஜ்' ஏரியலில் அவர் இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்களைக் கேட்டார். வெற்றி ஏரியலுக்கே என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதே நாட்களில் பிரிட்டனின் அமெச்சூர்கள் சிலரும் தம் வீட்டு ஏரியல்களிலேயே அமெரிக்காவைக் கேட்டுவிட்டனர்! ஏரியல், ரிசீவர், இரவு ஆகிய மூன்றும் வேறுபட்டால் எதற்கு எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது?

1934இல் சைகையின் பலத்துக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தரும் முறை வந்தது. காதால் இடும் மதிப்பெண். வானொலியில் எல்லாருமே தாராளமான பரீட்சகர்கள். 1981இல்தான் ஐரோப்பிய, ஆப்பிரிக்க வட்டாரச் சங்கங்கள் சிற்றலையில் 9 என்பது 50 மைக்ரோவோல்ட் என்றும், ஒவ்வொரு படியும் 6 டெசிபல் என்றும் வரையறுத்தன. அதாவது ஒரு மதிப்பெண் கூட, மின்திறன் நான்கு மடங்காக வேண்டும். ஆனால் தொலைதூரச் சைகையோ சில நிமிடங்களுக்குள் நூறு மடங்கு ஏறி இறங்கக் கூடியது. உங்கள் புதிய ஏரியல் இரு மடங்கு சிறந்ததானாலும், அந்த அரை மதிப்பெண் இந்த ஏற்ற இறக்கத்தில் மூழ்கிவிடும்.

அளவுகோலையே வானில் நிறுத்தினால் என்ன? 1979இல் கலிபோர்னியாவில் ஒற்றை நிலையமாகத் தொடங்கிய திட்டம், பின்னர் 18 நிலையங்களாக வளர்ந்தது. கொழும்புக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொன்றும் முறை வைத்து, தன் அழைப்புக் குறியையும் நான்கு நீண்ட ஒலிகளையும் 100, 10, 1, 0.1 வாட் எனத் திறனைக் குறைத்துக்கொண்டே அனுப்பும். ஓர் ஏரியலில் மூன்று ஒலியும் மற்றதில் இரண்டும் கேட்டால், வேறுபாடு ஏறத்தாழ பத்து மடங்கு. எளிமையான இந்த ஏணி எனக்கு மிகவும் பிடித்தது.

2008இல் ஜோசப் டெய்லர் 'விஸ்பர்' முறையை வெளியிட்டார். பல்சார் ஆய்வுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. இரண்டு நிமிடம் போகும் சின்னஞ்சிறு சைகையில் நிலையத்தின் இடமும் மின்திறனும் அடங்கும்; கேட்கும் நிலையங்கள் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் கணினியால் அளந்து இணையத்தில் பதியும். இரண்டு ஏரியல்களை மாற்றி மாற்றி இயக்கி, பல நாள் பதிவுகளை ஒப்பிடலாம்.

அப்படி ஒப்பிட்டால் இன்னொன்றும் புலப்படும். 7 மெகாஹெர்ட்ஸில் ஜப்பானை எட்டும் செங்குத்து ஏரியல், அலையைத் தொடுவானத்தை நோக்கியே வீசுகிறது. சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள கடலூருக்கு அது ஏறக்குறைய ஊமை. பத்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டிய இருபது மீட்டர் கம்பியோ அலையை மேல்நோக்கி அனுப்பும். அது பகலில் அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி இறங்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அத்தகைய நாளில் நமக்குத் தேவை ஜப்பான் அல்ல, கடலூர். ஆகவே அங்குள்ள நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லி, இரண்டு ஏரியல்களையும் காலை, நண்பகல், விடியலுக்கு முன் என்று மாற்றி மாற்றிச் சோதியுங்கள். விடியலுக்கு முன் அயனி மண்டலம் மெலியும்போது அந்தக் கிடைக் கம்பியும் கைவிடக்கூடும்.