பொழுதுபடப் போட்ட புகை

மாரி தொடங்கினால் போதும், இயற்கை முறையில் நுளம்பு விரட்டுவது எப்படி எண்டு கைபேசிக்குள் காணொளிகள் வரிசையாக வந்து விழுகின்றன. எலுமிச்சைப் பாதியில் குத்திய கராம்பு, கற்பூரம் போட்ட தண்ணீர், வேப்பெண்ணெய் விளக்கு, வெங்காயத் தோல் புகை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புத்தான்: பாட்டிமாரின் இரகசியம். உண்மையில் அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேலை அது. நாங்கள் இங்கே கேட்க விரும்புவது வேறு கேள்விகள். ஆச்சிமார் அந்தப் புகையை எந்த நுளம்புக்குப் போட்டார்கள்? ஏன் பொழுதுபடும் நேரத்தில் போட்டார்கள்? இன்றைக்கு எங்களைப் படுக்கையில் விழுத்துவதும் அதே நுளம்புதானா?

முதலில் செய்முறை. தெல்லிப்பழை, அளவெட்டி, மல்லாகம் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் புகைச் சட்டிக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. ஒரு பழைய மண்சட்டி, அடுப்பில் மிஞ்சின தணல், காய்ந்த பொச்சு, அதற்கு மேலே ஒரு கைபிடி வேப்பிலை. வளவில் நொச்சி நின்றால் அதிலும் ஒரு கொத்து. இலை பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த இலை எரிந்துபோகும், பச்சை இலைதான் புகையும். மாடு நிற்கிற வீட்டில் கொட்டிலுக்கும் ஒரு சட்டி, விறாந்தைக்கும் ஒரு சட்டி. உடம்புக்குத் தேங்காயெண்ணெயில் கலந்த வேப்பெண்ணெய். நெல்லுக்கும் பயறுக்கும் இடையில் காய்ந்த வேப்பிலை.

இது வெறும் நம்பிக்கை அல்ல. நாங்கள் விடுகிற மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு, வியர்வை மணம், உடம்புச் சூடு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நுளம்பு எங்களைத் தேடி வருகிறது. புகை அந்தத் தடத்தைக் குழப்புகிறது. ஆனால் குழப்புவது மட்டும்தான். தணல் நூர்ந்தால் நுளம்பு திரும்பி வரும். அதனால்தான் சட்டியை எப்போது வைப்பது எண்டது முக்கியமாக இருந்தது. இருட்டுகிற நேரத்தில் கிளம்பி இரவில் கடிக்கிற நுளம்புகளே அந்தக் காலத்துத் தொல்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் அந்த வகை. வாய்க்காலிலும் மலக்குழியிலும் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸும் அந்த வகைதான். பொழுதுபடப் போட்ட புகை அவை வரும் நேரத்தைப் பார்த்துப் போட்ட புகை.

இத்தனைக்கும் நுளம்புதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது எண்டு அப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையில் தன் வேலையைத் தொடங்கியது 1816ல். அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைப் படிப்பித்தார். அவருடைய காலத்திலும் கெட்ட காற்றுத்தான் மலேரியாவுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நினைத்தது. மலேரியா எண்ட சொல்லின் பொருளே கெட்ட காற்று. 1897 ஓகஸ்டில் ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான் கதை மாறியது. கிறீன் இறந்து 13 வருசம் கழிந்திருந்தது.

அந்தக் காலத்திலேயே யப்பானில் வேறொரு புகை பிறந்தது. உவேயாமா எயிச்சிரோ என்ற வியாபாரி 1890ல் பைரீத்திரம் பூப்பொடியைக் குச்சியாக உருட்டி விற்றார். அது 40 நிமிசத்தில் எரிந்து முடிந்துவிடும். குச்சியைச் சுருளாக வளைத்தால் இரவு முழுக்க எரியுமே எண்டு யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யுகி. 1902ல் சுருள் கடைக்கு வந்தது. எங்கட நுளம்புத்திரியின் தொடக்கம் அதுதான். ஆச்சியின் சட்டியால் தீர்க்க முடியாமல் இருந்த சிக்கலை அந்தச் சுருள் தீர்த்தது: நித்திரைக்குப் போன பிறகு தணலைப் பார்க்க ஆள் தேவையில்லை. ஆனால் அதுவும் புகைதான். மூடிய அறைக்குள் ஒரு நுளம்புத்திரி எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை விடக்கூடிய அளவு நுண்துகள் காற்றில் கலக்கலாம் என்று 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வேப்பம் புகை இயற்கையானது எண்டதற்காக நுரையீரல் அதை வேறு மாதிரி நடத்தாது. திறந்த விறாந்தையில் புகைத்ததற்கும் கண்ணாடி யன்னல் பூட்டின அறைக்குள் புகைப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இலங்கை மலேரியாவின் கதை குடாநாட்டுக்கு வெளியேதான் பெரிய கதை. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம் கிராமம் கிராமமாக விழுந்தது. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. எங்கட ஆக்களுக்கு மலேரியா என்றால் வன்னி. வயல் செய்யப் போனவர் காய்ச்சலோடு திரும்பி வருவார் எண்ட பயம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1940களின் நடுவில் டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் அடித்தார்கள். 1963ல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றாயிற்று என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969ல் நோயாளிகளின் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது.

இனி எங்கட பகுதிக்கு வருவோம். 1990 யூனில் வலிகாமம் வடக்கு, அதாவது தெல்லிப்பழைப் பிரதேசச் செயலர் பிரிவின் பெரும்பகுதி, இடம்பெயர்ந்தது. பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. சனம் மல்லாகம், சுன்னாகம் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தது. அதே வருசம் பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, யூரியா ஒன்றும் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்ச மண்ணெண்ணெயையும் விட்டு விளக்கெரித்த காலம். பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்த காலம். வேப்பம் புகையும் அந்த வரிசையில்தான் வருகிறது. இன்றைக்கு நாங்கள் அதை "இயற்கை" என்கிறோம். அன்றைக்கு அதற்கு அப்படிப் பெயர் இல்லை. வேறொன்றும் கிடைக்காதபோது வளவில் நின்ற மரம் கொடுத்தது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பாராட்டுவது, பட்டவர்களின் பாட்டைப் பண்டமாக்கி விற்கிற வேலை.

புகையின் எல்லை தெரிந்ததும் அந்தக் காலத்தில்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. அதிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அங்கே மரத்தடியிலும் தரப்பாளுக்குக் கீழும் இருந்தவர்களை மலேரியா பிடித்தது. சுவர் இல்லாத இடத்தில் புகை நிற்காது. மருந்தடிக்கவும் சுவர் வேண்டும். 1999ல் இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. வடக்கும் கிழக்கும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன.

பிறகு அந்த நோயை ஒழித்தது என்ன? மருந்து தோய்த்த வலைகள், காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் பரிசோதித்த நடமாடும் குழுக்கள், வீட்டுச் சுவருக்கு மருந்தடித்த தொழிலாளிகள், முழு நாளுக்கும் ஒழுங்காகக் கொடுத்த குளிசை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் இந்த வேலை இரண்டு பக்கத்திலும் நடந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில் பதிவானது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஒரு வீட்டின் புகைச் சட்டி அந்த வீட்டின் ஒரு மாலையைக் காப்பாற்றியது. நோயைத் துரத்தியது எல்லா வீட்டுக்கும் போன வேலை.

இப்போது யாழ்ப்பாணத்தின் பிரச்சினை டெங்கு. வடகீழ்ப் பருவமழையோடு ஏறி, மார்கழி தையில் ஆஸ்பத்திரிகளை நிரப்புகிறது. அதைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு காலமையும் பின்னேரமும் கடிக்கும். பள்ளிக்கூடத்தில், ரியூசன் கொட்டிலில், கிணற்றடியில் நிற்கும்போது கடிக்கும். பொழுதுபட்ட பிறகு போடுகிற புகை அதற்குப் பிந்திப்போன புகை. இருக்கிற இடமும் வேறு. சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி, பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, இவற்றில் தேங்கிய தண்ணீரில் அது முட்டையிடும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்து, மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். உரஞ்சிக் கழுவ வேண்டும். உவர்த்தண்ணீரிலும் இந்த நுளம்பு வளர்கிறது எண்டதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடாநாட்டிலேயே கண்டு காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் வந்திருக்கிறது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. அது விரும்புவது கிணறும் சீமெந்துத் தொட்டியும். வளவுக்கொரு கிணறு உள்ள வலிகாமத்துக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேண்டாம். அதிலும் வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. திரும்பி வந்தவர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் கூரையில்லாத வீடும் பற்றைக்குள் மூடுண்ட கிணறும் இன்னமும் கிடக்கின்றன. உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கலாம். எங்கட வீட்டில் நாங்கள் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அந்தக் கிணற்றுக்கு யார் பொறுப்பு எண்ட கேள்வி மிஞ்சுகிறது.

அப்ப வேப்பெண்ணெய் வேண்டாமா? வேணும், அதன் அளவுக்கு. 1993ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், தேங்காயெண்ணெயில் 2 வீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை அனோபிலிஸ் நுளம்புகள் இரவு முழுக்கக் கிட்டவில்லை. ஈடிஸுக்கு எதிராக அது அந்த அளவுக்கு நம்பத்தக்கதல்ல. கலவை சுலபம்: 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 2 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், தேக்கரண்டியில் அரைக்குச் சற்றுக் குறைவு. முதலில் முழங்கைக்கு உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கோ. பால்குடிப் பிள்ளைகளுக்குப் பூச வேண்டாம். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு நஞ்சு. கற்பூரமும் அப்படித்தான். சிட்ரோனெல்லா எண்ணெய் மணக்கும், ஆனால் கெதியாகப் பறந்துவிடும். மண்ணெண்ணெயைத் தோலில் பூசவே கூடாது. டெங்குக் காலத்தில் பகல் நித்திரை கொள்ளும் பிள்ளைக்கு எண்ணெயைவிட வலை நல்லது. புகைச் சட்டி போட ஆசையெண்டால் முற்றத்தில் போடுங்கோ.

மிச்ச வேலை எண்ணெய் கலப்பதைவிடச் சலிப்பானது. கிழமைக்கு ஒருக்கால் காலமையில் வளவைச் சுற்றி வந்து சிரட்டைகளைக் கவிழ்ப்பது, தொட்டியை உரஞ்சுவது, பாவிக்கிற கிணற்றுக்கு வலை போடுவது, பாவிக்காத கிணற்றுக்குள் கப்பி மீன் விடுவது. பக்கத்துப் பாழ்வளவைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுதுவது, பதில் வராவிட்டால் திரும்ப எழுதுவது. ஆச்சிமார் நுளம்பு வரும் நேரத்தைப் பார்த்துச் சட்டி வைத்தார்கள். அவர்களிடம் எடுக்க வேண்டியது செய்முறையைவிட அந்தக் கவனிப்பைத்தான். இன்றைய நுளம்பு காலமையில் வருகிறது.