பீட் தேர்வு: மலேசியத் தமிழ் ராப்

ராப்பர் தன் வரிகளுக்கு அடியில் ஓடும் தாளத்தையும், அதில் கோக்கப்படும் பழைய ஒலித் துண்டுகளையும் தெரிவு செய்வதே பீட் தேர்வு. பீட்டைக் கட்டுபவர் தயாரிப்பாளர். அதை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்பவர் ராப்பர். சொல் காதில் ஏறுவதற்கு முன்பே தாளம் உடம்பில் ஏறிவிடுகிறது. அதனால், எந்த மக்களின் தாளம் பாட்டுக்குள் வருகிறது, எது வாசலிலேயே நிற்கிறது என்பதில் இனமும் சாதியும் கலந்தே இருக்கின்றன. மலேசியத் தமிழ் ராப்பில் இந்தக் கேள்வியின் வேர் பேராக் மாநிலத்தின் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்கள் வரை போகிறது.

ஹிப்ஹாப் பிறந்ததே பீட் தேர்வில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாடல்களில் வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியதுதான் அவருடைய உத்தி. அவருக்குப் பின் வந்தவர்கள் அதிகமாக வெட்டி எடுத்த தாளங்களில் ஒன்று, ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970). அதை வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பாட்டின் உரிமையில் பங்கு இல்லை. ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு முதுகெலும்பாக நின்ற கை அது. 1991இல் ராப்பர் பிஸ் மார்கி மீதான வழக்கில், அனுமதியின்றி ஒலித் துண்டை எடுப்பது திருட்டு என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் விலை பேச வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் தொலைதூர நாட்டு இசைத்தட்டுகளையும் தேடினார்கள். 2002இல் டிஜே குவிக், லதா மங்கேஷ்கர் பாடிய இந்திப் பாட்டு ஒன்றை 'அடிக்டிவ்' பாடலுக்கு அடியில் வைத்தார்; அந்தப் பாடல் வழக்கில் சிக்கியது. 2003இல் பிளாக் ஐட் பீஸ் குழு 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தில் இளையராஜா அமைத்த பாட்டிலிருந்து எடுத்தது. தன் ஒலி பறிபோன மக்கள் இன்னொரு மக்களின் ஒலியை எடுக்கும் இடத்துக்கும் வந்தார்கள்.

கோலகங்சார் மாவட்டத்தில் உள்ள சுங்கை சிப்புட்டை வரலாற்று நூல்கள் 1948 ஜூன் 16க்காகக் குறிப்பிடும். அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. ராப்பின் கதைக்கு அதைவிட முக்கியமானது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, இவ்வூரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனாலும் 1980க்கும் 2000க்கும் இடையில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் தோட்டங்களை விழுங்கின. அந்த இருபது ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறியதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பிள்ளைகளிடம் இரண்டு ஒலிகள் இருந்தன: கேசட்டிலும் வானொலியிலும் வந்த தமிழ்ச் சினிமாப் பாட்டு, கோவில் திருவிழாவில் கேட்ட உறுமி மேளம்.

1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வந்தபோது ராப் என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புகுந்தது. மலேசியாவில் அதே பத்தாண்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. யோகி பி, லேண்ட் ஸ்லைட், பாயின்ட் பிளாங், சி. லோகோ நால்வரும் சேர்ந்த பொயட்டிக் அம்மோ குழு 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் மொழிகள் அதில் ஒன்றாக இருந்தன. மொழிகள் மலேசியாவுடையவை, தாளம் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. நாட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் தனி வானொலியும் தனிக் கட்சியும் இருந்த நிலையில், அங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பீட்டின் மேல்தான் எல்லாரும் கூட முடிந்தது என்பது என் கணிப்பு.

2006இல் யோகி பி, ஈப்போ இளைஞர்களான டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரின் நட்சத்திரா குழுவுடன் சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பை முழுக்கத் தமிழில் கொண்டுவந்தார். தமிழ் ராப்புக்குத் தனிச் சந்தை உண்டு என்று சென்னைக்கும் காட்டிய தொகுப்பு அது. அதன் தலைமைப் பாட்டு 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலை அடித்தளமாகக் கொண்டது. அந்தத் தெரிவின் கூர்மை போதுமான அளவு பேசப்படவில்லை. பாரதிராஜாவின் அந்தப் படம் வேலையில்லாத இளைஞர்களைப் பற்றியது. பாட்டு, வாய்ப்புக்காக அலையும் ஓர் இசைக் கலைஞனின் கனவு. இசையமைப்பாளர் இளையராஜாவே அதில் ஒரு காட்சியில் தோன்றுகிறார். தோட்டத்தை இழந்து, பட்டணத்திலும் காலூன்ற முடியாமல் நின்ற தலைமுறை 2006இல் இந்தப் பாட்டைக் கேட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2007 நவம்பர் 25 அன்று, கோலாலம்பூர் வீதிகளில் மலேசிய இந்தியர்களின் உரிமை கோரிய ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. 2008 தேர்தலில் சுங்கை சிப்புட் வாக்காளர்கள் 1974 முதல் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலுவைத் தோற்கடித்தார்கள். ஒரு பாட்டு தேர்தலை மாற்றியது என்று சொல்ல வரவில்லை. அந்த மனநிலைக்குப் பொருத்தமான ஒலியை யோகி பி முன்கூட்டியே கண்டெடுத்தார். பீட் தேர்வு என்ற கலையின் உச்சம் அதுதான்.

புகழ் அவரைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017), 'தர்பார்' (2020) படங்களில் அவர் குரல் உண்டு. முதல் இரண்டுக்கும் ஜி. வி. பிரகாஷ் இசை, பின்னிரண்டுக்கும் அனிருத். சினிமாவில் இசையமைப்பாளர் தாளத்தை முடித்து வைத்திருப்பார். ராப்பருக்கு ஒதுக்கப்படுவது சில அடிகள். வயது ஏறினால் ராப்பரின் பீட் காது மங்கிவிடும் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ராப்பர் நாஸ் பல ஆண்டுகள் பீட் தேர்வு சரியில்லை என்ற குற்றச்சாட்டைச் சுமந்தவர். 2020இல் ஹிட்-பாய் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து ஒரு முழுத் தொகுப்பை உருவாக்கி, மறு ஆண்டு தன் முதல் கிராமி விருதைப் பெற்றார். மூத்தவருக்கு வேண்டியது தன்னோடு நீண்ட காலம் உட்கார்ந்து வேலை செய்யும் தயாரிப்பாளர். மலேசியத் தமிழ் ராப்பின் சிறிய சந்தையில் அந்தச் செலவைத் தாங்குவது கடினம்.

உறுமியின் கதை வேறு. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் உறுமல்தான் அதன் உயிர். அந்த ஒலி பதிவில் கணினி பாஸ் ஒலியோடு மோதும். இரண்டில் ஒன்றை அடக்கியாக வேண்டும். மேளத்தின் நடையும் பெரும்பாலும் மூன்று மூன்றாகப் போகும். ராப் பீட் நான்கு நான்காக நடப்பது. இவை தயாரிப்பாளர் உட்கார்ந்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீராமல் கிடந்தது கூச்சம். தமிழ்நாட்டில் சாவுக்கும் சாமிக்கும் வாசிக்கப்பட்ட தோல்கருவிகளின் மேல் சுமத்தப்பட்ட சாதி இழிவு, கப்பலேறி வந்தும் கரையவில்லை. தோட்டத்து இளைஞர்கள் உறுமிக் குழுக்களாகக் காவடிக்கு வாசிக்கிறார்கள். ஈப்போ கல்லுமலைக் கோவில் தைப்பூசத்தில் அந்த ஒலி இல்லாமல் காவடி நகராது. படித்த நடுத்தர வர்க்கம் அதே ஒலியில் ரவுடித்தனத்தைக் கேட்டது. பக்கத்து நாடான சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கே தடை இருந்தது. 2016 முதல்தான் அது படிப்படியாகத் தளர்ந்தது. இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனில் வாழ்ந்த பாடகி எம்.ஐ.ஏ., தமிழ்நாட்டில் பதிவுசெய்த உறுமியை 'பேர்ட் ஃப்ளூ' (2006) பாட்டில் முன்னால் நிறுத்தினார். லயத்து வாசலில் கிடந்த ஒலிக்கு மேல்நாட்டு மேடை முதலில் கிடைத்தது.

வாசலில் நிறுத்துவது மொழியின் பேரிலும் நடந்தது. மலேசியாவின் இசை விருதான ஏ.ஐ.எம். 2015-16 வாக்கில் மலாய் அல்லாத பாடல்களைத் தனிப் பிரிவில் ஒதுக்க முயன்றது. மலாய் ராப்பர் ஜோ ஃபிளிசோ போட்டியிலிருந்து விலகினார்; எதிர்ப்பு பெருகி அந்த விதி கைவிடப்பட்டது. 2016இல் 'கபாலி' மலேசியத் தோட்டத் தமிழரைத் திரையில் கொண்டுவந்தபோது, சந்தோஷ் நாராயணன் இசையில் மலேசிய ராப்பர் ரோஷன் ஜம்ராக்கின் குரலும் சேர்ந்தது.

2021இல் அதே இசையமைப்பாளரோடு ராப்பர் அறிவும் பாடகி தீயும் இணைந்த 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதன் வேர். ஒப்பாரியும் தோல்கருவி நடையும் உலகெங்கும் ஓடிய அந்தப் பாட்டு, பேராக் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தங்கள் கதையாகவே ஒலித்தது. ஆனால் 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் முகம் இல்லை. 2022இல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே பாட்டு மேடையேறியது. எழுதியதும் இசையமைத்ததும் பாடியதும் தானே என்றார் அறிவு; இசை தன்னுடையது என்றார் சந்தோஷ் நாராயணன். தாளமும் மெட்டும் யாருடைய உழைப்பு என்பதில் இருவரும் இரண்டு விதமாகவே சொன்னார்கள்.