நிலத்தின் ஆதாயமும் லயத்து மக்களும்: கெடாத் தோட்டங்களின் வழியே மலேசியச் சொத்து வரிச் சட்டங்கள்

முன்னுரை

சொத்து வரி பற்றிய வாதம் நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம் இரண்டு தரப்பினரே பேசுபொருளாகின்றனர். ஒருவர் நிலத்தின் உரிமையாளர். மற்றவர் வரி பெறும் அரசு. அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, அதிலேயே குடியிருந்தவர் மூன்றாம் தரப்பாக எண்ணப்படுவதில்லை. 'எஸ்டேட்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. வரிச் சட்டத்தில் அது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுதியைக் குறிக்கும். கெடாத் தமிழர் வழக்கிலோ அது பிறந்து வளர்ந்த தோட்டத்தைக் குறிக்கும். மலேசியச் சொத்து வரிச் சட்டங்களின் வளர்ச்சியைத் தோட்டத்துப் பக்கமிருந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதிகாரப் பகிர்வு

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்வழி கெடா, சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டனின் பாதுகாப்புக்கு மாறியது. அதன்பின் தென்கெடாவில் ரப்பர் பயிர் விரைந்து பரவியது. கோலமூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பீடோங் ஆகிய ஊர்கள் அத்தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்தன. காட்டை அழித்துக் கன்று நட்டுப் பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். நிலப்பட்டாவோ நிறுவனங்களின் பெயரில் இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த கூட்டரசு அரசமைப்பு, நிலத்தை மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்தது. நிலவரி மாநிலத்துக்குரியது, மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்குரியது, வருமான வரியும் ஆதாய வரியும் கூட்டரசுக்குரியவை. நில உடைமை முறையை ஒருசீராக்கும் பொருட்டு 1965இல் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. எனினும் நிலத்தின் மீதான நடைமுறை அதிகாரம் மாநிலத்திடமே நின்றது. ஆகவே தோட்டம் ஒன்று விற்கப்படுகையில், அதன் ஆதாயம் பற்றிப் பேசும் மன்றம் வேறு. அந்நிலத்தின் பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் தரும் மன்றம் வேறு. குடியிருந்தவரின் கதி இவ்விரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது.

துண்டாடலும் வரியற்ற ஆதாயமும்

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் இந்நிலையை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. கொரியப் போரின்போது உயர்ந்த ரப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. நாட்டின் விடுதலையும் நெருங்கியது. ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்க முற்பட்டனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். முழுத் தோட்டத்தின் விலையைக் காட்டிலும் துண்டுகளின் கூட்டுவிலை மிகுதியாக இருந்ததே இவ்வணிகத்தின் ஆதாரம். வாங்கி விற்றவர்களில் சீன வணிகரோடு இந்திய வணிகரும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1947ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் முதலீட்டு ஆதாயத்தை வருமானமாகக் கொள்ளவில்லை. நிலம் விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என மெய்ப்பித்தாலன்றி, தோட்டத்தை விற்றவரிடம் ஆதாயத்துக்கு வரி கேட்க வழியில்லை. அதே வேளையில் துண்டான நிலத்தின் புதிய உரிமையாளருக்கு நிரந்தரத் தொழிலாளர் தேவைப்படவில்லை. ஒப்பந்தக் கூலி முறை பரவியது; வேலையோடு வீடும் போயிற்று.

1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பியது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்த உங்கு அசிசின் அறிக்கை 1963இல் வெளிவந்தது. ஆயினும் தடை உடனே வரவில்லை. சொத்துரிமையைக் காக்கும் அரசமைப்பின் 13ஆம் விதியும், நிலம் மாநிலத்துக்குரியது என்னும் ஏற்பாடும் இரண்டு மதில்களாக நின்றன. பின்னரே தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, தோட்ட நிலத்தைக் கைமாற்ற ஒரு வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றானது. இன்றைய சட்டத்தில் 40 ஹெக்டேருக்குக் குறையாத, ஒன்றோடொன்று தொடர்ந்த வேளாண் நிலமே தோட்ட நிலம் எனப்படுகிறது.

தொழிலாளரின் சொந்தப் பணம்

சட்டம் தயங்கிய இடத்தில் தொழிலாளரின் சேமிப்பு முன்வந்தது. அப்போது அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் தோட்டமாகச் சென்று, உறுப்பினர்களிடம் சிறு தொகைகளாகப் பங்குப் பணம் திரட்டப்பட்டது. அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பது நம் ஆய்வுக்கு முக்கியமானதாகும்.

இதன் பெருமையை மட்டும் சொல்லி நிற்பது போதாது. நிலத்தின் மதிப்பை உயர்த்தியவர்களே அந்த உயர்ந்த மதிப்பை விலையாகக் கொடுத்து நிலத்தை மீட்க வேண்டியிருந்தது. அத்தகைய மீட்பு எத்தனை தோட்டங்களுக்கு இயலும்? கூட்டுறவு காத்தவை சில, கைமாறியவை பல.

1974 முதல் 1991 வரை

நில ஆதாயத்தின் மீது வரி, துண்டாடலின் பேரலை ஓய்ந்த பின்னரே வந்தது. 1974இல் நில ஊகவணிக வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 1976ஆம் ஆண்டு நிலச்சொத்து ஆதாய வரிச் சட்டம் 1975 நவம்பர் 7 முதல் நடப்புக்கு வந்தது. வாங்கிய சில ஆண்டுகளுக்குள் விற்பவருக்குக் கூடிய விகிதம், நெடுங்காலம் வைத்திருந்தவருக்குக் குறைந்த விகிதம் என்பது இதன் அமைப்பு. ஊகவணிகத்தைத் தடுக்க இது பொருத்தமானது. ஆனால் அரை நூற்றாண்டாக நிலத்தை வைத்திருந்து, நகரம் நெருங்கி வந்ததும் வீடமைப்புக்கு விற்கும் தோட்ட நிறுவனத்துக்கு இதே அமைப்பு சலுகையாகிவிடுகிறது.

இதனோடு 1980ஆம் ஆண்டு வேலை நிறுத்த இழப்பீட்டு விதிகளை ஒப்பிடுவோம். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் பணியாற்றிய தொழிலாளிக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் ஊதியம் இழப்பீடாகும். உரிமையாளரின் பேறு நிலத்தின் விலையால் அளக்கப்படுகிறது. தொழிலாளியின் பேறு நாட்கூலியால் அளக்கப்படுகிறது. நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் அந்த 20 நாள் 20 நாளே. 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டமும் இழப்பீட்டில் நலனுடையோர் பட்டியலிலிருந்து, உரிமையாளர் விருப்பம் உள்ளவரை குடியிருப்போரை விலக்கி வைத்தது. லயத்து வீட்டில் இருந்தவரோ வேலை உள்ளவரை மட்டுமே குடியிருக்க இசைவு பெற்றவர்.

இறந்தவர் சொத்தின் மீது 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்பட்டு வந்த வரியும் 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. அண்டை நாடுகள் வேறு வழியில் சென்று அதே இடத்தை அடைந்தன. பொருளியல் அறிஞர் கால்டாரின் பரிந்துரையை ஒட்டி இந்தியா 1957இல் செல்வ வரியைக் கொணர்ந்தது. இலங்கையும் அவரது ஆலோசனையை நாடியது. இந்தியா 1985இல் இறப்பு வரியையும் 2015இல் செல்வ வரியையும் நீக்கியது. மலேசியா நிகரச் செல்வத்தின் மீது ஆண்டு வரி எதையும் விதித்ததில்லை.

அண்மைக்கால மாற்றங்கள்

2007 ஏப்ரல் முதல் 2009 இறுதிவரை நிலச்சொத்து ஆதாய வரி நிறுத்தி வைக்கப்பட்டு, 2010இல் மீண்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் விற்கும் நிறுவனத்துக்கு 2014இல் 5 விழுக்காடும் 2019 முதல் 10 விழுக்காடும் விதிக்கப்பட்டன. குடிமக்களுக்கு அக்கால எல்லைக்குப் பின் இவ்வரி 2022 முதல் இல்லை. விகிதம் ஏறியும் இறங்கியும் வந்ததை இங்குக் காண்கிறோம். ஆனால் எந்த மாற்றத்திலும், தோட்ட நிலத்தின் ஆதாயத்தில் ஒரு பகுதி அங்குக் குடியிருந்தோரின் வீட்டுக்கென ஒதுக்கப்படவில்லை. வரி கூடினாலும் அது கூட்டரசின் பொதுக் கருவூலத்தையே சேர்ந்தது.

பள்ளியின் நிலம்

இது தொழிலாளர் வரலாறு மட்டுமன்று. தமிழாசிரியர்களுக்கு நேரடியாக உரியது. தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பல, நிலம் அரசுக்குரியதன்று என்னும் காரணத்தால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. கட்டடத்துக்கு அரசின் முழுப் பொறுப்பு கிட்டவில்லை. தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தபோது பள்ளி மாணவரின்றி நின்றது. மாணவர் பெருகிய நகரத்திலோ பள்ளிக்கு நிலமில்லை. கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் இதே நிலைதான்.

முடிவுரை

தோட்ட நிலத்தின் ஆதாயத்தில் பங்கு கேட்பது உரிமையாளரின் சொத்தைப் பறிப்பதாகும் என வாதிடப்படலாம். கூடுதல் சுமை வளர்ச்சியைத் தடுக்கும் என்பாரும் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் தென்கெடாவில் நிலத்தின் விலை எவ்வாறு ஏறியது? 1994இல் நிறைவுற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் உரிமையாளரின் முயற்சியால் மட்டும் வந்தவை அல்ல. பொதுமுதலீட்டால் விளைந்த உயர்வில் பொதுமக்களுக்குப் பங்குண்டு என்றால், அந்நிலத்தைப் பயன்படு நிலமாக்கியவர்க்கு முதற்பங்கு உண்டு என்பது நம் கருத்து.

ஆகவே வரி விகிதம் 5 விழுக்காடா 10 விழுக்காடா என்பது இரண்டாவது வினா. நிலக் கணக்கில் குடியிருந்தவரின் பெயர் உண்டா என்பதே முதல் வினா. தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கு மாநிலம் ஒப்புதல் தரும்போதே வீடு, பள்ளி, வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கான நிலத்தைக் கட்டாய நிபந்தனையாக்குவதும், ஆதாய வரியின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குவதும் இரு மன்றங்களும் சேர்ந்து செய்யக்கூடியவை. சான்றுகளைத் திரட்டுவது நம் பணி. கெடாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும், கோயிற் கணக்கேடுகளும், கூட்டுறவுப் பங்குச் சீட்டுகளும் அழிவதற்குமுன் தொகுக்கப்பட வேண்டும். பட்டாவில் இல்லாத பெயர்கள் அவற்றில் உள்ளன.