திருவெண்ணெய்நல்லூர் அளவை மரபு

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட சைவ சித்தாந்த அறிவுக் கொள்கை இது. ஒன்றை எப்படி அறிகிறோம், அறிந்ததற்குப் பெயர் எப்படி ஏறுகிறது, இன்ப துன்பத்தை உணர்வது எது என்று கேட்கும் மரபு.

சித்தாந்த சாத்திரங்களுக்கு முன்பே இந்த ஊரின் பெயர் ஒரு வழக்கோடு சேர்ந்திருக்கிறது. பெரியபுராணத்தின்படி, திருமணப் பந்தலில் இருந்த சுந்தரரைத் தன் அடிமை என்று உரிமை கோரி ஒரு முதியவர் வெண்ணெய்நல்லூர் அவைக்கு இழுத்து வந்தார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கமே இல்லையே என்றார்கள் அவையோர். ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றில் ஒன்றால் நிறுவு என்றும் கேட்டார்கள். முதியவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் முன்பே கிழித்தெறிந்திருந்தார், ஆனால் அது படி ஓலைதான். மூல ஓலை முதியவர் கையில் இருந்தது. ஓலையை எழுதித் தந்ததாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டனாருடைய வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்றது அவை. வழக்கத்தை எழுத்து வென்றது. புராணக் கதைதான், ஆனாலும் விதி எதில் நிற்கிறது என்ற கேள்வி இதற்குள் கூர்மையாகவே இருக்கிறது.

பெண்ணாகடத்தில் பிறந்து தாய்மாமன் வீட்டில் இங்கே வளர்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தை 12 நூற்பாக்களில் அடக்கினார். அவருடைய குலகுரு அருணந்தி, தம் மாணாக்கர் ஒரு சிறுவனிடம் பாடம் கேட்கப் போனதில் சினந்து வந்து, ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்த அருணந்தியையே சுட்டினார். சுட்டுவிரல் எதைக் காட்டுகிறது, ஆளையா, நிறத்தையா, எண்ணையா என்று 20ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் கேட்டார். இங்கே சுட்டு குறி தப்பாததற்குக் காரணம், கேட்டவரிடமே ஆணவம் எனும் அந்தச் செருக்கு இருந்ததுதான்.

மாணவரான அருணந்தி சிவஞான சித்தியார் பாடினார். பரபக்கத்தில் பிற மதங்களை மறுத்தவர், சுபக்கத்தின் தொடக்கத்திலேயே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சுருக்கினார். காண்டலில் இரு படிகள் உண்டு. ஏதோ ஒன்று இருக்கிறது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் ஆகியவற்றோடு சேர்த்து இன்னது என்று தெளிவது சவிகற்பம். ஆக, கருத்தாக்கம் என்று இன்று சொல்வதன் வேலை இரண்டாம் படியில்தான் தொடங்குகிறது.

உணர்ச்சி பற்றிய பகுதிதான் எனக்கு இன்னும் சுவையானது. இன்ப துன்பத்தை உயிர் அறிவதைக் கருதலில் சேர்க்காமல், தன்வேதனைக் காட்சி என்று காண்டலிலேயே வைத்தார் அருணந்தி. அராகம் (விருப்பு) முதலிய தத்துவங்கள் அதற்குத் துணை. புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பதுபோல் ஒருவன் தன் துக்கத்தை ஊகிப்பதில்லை. பிறர் துக்கத்தை எப்படி அறிகிறோம் என்ற கேள்விக்கு இந்தப் பிரிவில் இடமில்லை, அது ஒரு குறைதான்.

1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற விரிவுரை எழுதி இந்த அளவை விவாதத்தை விரித்தார். சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை மாவட்ட முன்சீபாக இருந்தவர்.