அளவுகோலாக அமைந்த செவி



புதிதாகக் குடிபுகும் வீட்டிலே, தளபாடங்கள் வந்து சேருமுன் பேசிப் பார்த்தவர்கள் அறிவார்கள். நம் குரலே நமக்கு அந்நியமாக முழங்கும். பாயும் திரைச்சீலையும் அலுமாரியும் வந்தபின் அம்முழக்கம் அடங்கிவிடும். ஓசை ஓய்ந்த பின்னும் அறையிலே தங்கி நிற்கும் இவ்வொலியை எதிர்முழக்கம் என்பர். இதனை முதன்முதல் முறையாக அளந்த கருவி யாது? மனிதனின் செவியே!

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து ஃபொக் கலைக்கூடத்தில் விரிவுரை மண்டபமொன்று திறக்கப்பட்டது. ஆனால், அங்கே பேசுவோரின் ஒரு சொல் ஓயுமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. குறையைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபின் என்னும் இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் வந்தது. ஒலிக்கேற்ப நடுங்கும் தீச்சுடரைக் கொண்டு அளக்க முயன்ற அவர், அதனைக் கைவிட்டுத் தம் செவியையே நம்பினார். ஊரடங்கிய நள்ளிரவிலே ஆர்கன் குழலை ஊதச் செய்து நிறுத்துவார். ஓசை செவிக்கு எட்டாது மறையும் வரை காலத்தைக் குறிப்பார். வெறும் மண்டபத்தில் அக்காலம் ஐந்தரைச் செக்கனுக்கு மேலாயிருந்தது. அயலிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பப் பரப்ப, அது ஒரு செக்கனைச் சிறிதே தாண்டும் அளவுக்குக் குறைந்தது. இவ்வளவைகளிலிருந்து பிறந்த விதியைத் துணைகொண்டே 1900இல் பொஸ்டன் சிம்பொனி மண்டபம் எழுந்தது.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. தாம் அணிந்த உடையும் ஒலியை உறிஞ்சுகிறது என்று கண்ட சபின், ஆயிரக்கணக்கான அளவைகளை ஒதுக்கிவிட்டு, எந்நாளும் ஒரே உடையுடன் மீண்டும் தொடங்கினார். கேட்பவனும் அறையின் ஒரு பகுதியே என்பது அன்றே வெளிப்பட்டது.

பின்னர் ஒலிவாங்கி வந்தது, செவி விலகியது. ஆயினும், ஒரு தண்டின் நுனியில் நிற்கும் ஒலிவாங்கிக்குத் தலை இல்லை. தாழ்ந்த ஒலி இரு செவிகளையும் அடையும்போது அதன் அலைகளில் உண்டாகும் வேறுபாட்டாலும், உயர்ந்த ஒலியைத் தலை மறைத்து உண்டாக்கும் நிழலாலுமே நாம் திசையை அறிகிறோம் என 1907இல் றேலி பிரபு விளக்கினார். 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே பெல் ஆய்வுகூடத்தார், செவிகளின் அருகே இரு ஒலிவாங்கிகள் பொருத்திய ‘ஒஸ்கார்’ என்ற பொம்மை மனிதனை வைத்தனர். 1973இல் பேர்லினிலிருந்து பொம்மைத் தலையாற் பதிவுசெய்த வானொலி நாடகம் ஒலிபரப்பாயிற்று. ஹெட்போனில் கேட்டால் அறையே தம்மைச் சூழ்வது போலிருக்கும். ஆனால், முன்னே எழுந்த ஒலி சிலருக்குப் பின்னே கேட்டது. பொம்மையின் செவிமடல் அவரவர் செவிமடல் அன்றல்லவா?

ஆகவே, ஒலிவாங்கி கேட்பவனின் செவிக்கே திரும்பியது. செவித்துளையை அடைத்து அதன் வாயிலில் அளந்தாலும் திசைக்குரிய அடையாளங்கள் முழுமையாகக் கிடைக்கும் என 1996இல் டென்மார்க்கின் ஓல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் காட்டினர். இன்று ஒருவர் தம் வீட்டிலே, வழமையான நாற்காலியில் அமர்ந்து, சிறு ஒலிவாங்கிகளை இரு செவிகளிலும் பொருத்தி, ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை ஏறும் ஓசையை ஒலிக்கச் செய்யலாம். நேரே வந்த ஒலி எது, தரையிலும் சுவரிலும் பட்டு வந்தது எது என்பதைக் கணினி பிரித்துக் காட்டும். 4 மீற்றர் இடைவெளியுள்ள இரு சுவர்களிடையே ஏறத்தாழ 43 ஹேட்ஸ் ஒலி மிகையாய் முழங்குவதும் தெரியவரும்.

எனினும், ஓர் எச்சரிக்கை. அவ்வரைபடத்தில் சில ஆயிரம் ஹேட்ஸ் அளவிலே ஒரு மேடு தோன்றும். அது சுவரின் குற்றமன்று. செவிமடற் குழிவின் இயல்பு. பிறந்தது முதல் அதனோடு பழகிய மூளை அதனைக் குறையாகக் கொள்வதில்லை. அறையைத் திருத்துவதாக எண்ணி அம்மேட்டைச் சமன்செய்பவர், ஒலியிலிருந்து தம் செவியையே அழித்துவிடுகிறார், இசையும் மங்கிப்போகும்.

சபின் தேடியது மண்டபத்தில் அமரும் அனைவருக்கும் பொதுவான உண்மை. அதனால் தம் உடையையும் கணக்கில் வைத்தார். வீட்டிலே நாம் தேடுவது ஒருவருக்குரிய உண்மை. எதனை அறைக்கு உரியது என்பது, எதனை நமக்கு உரியது என்பது என்னும் பகுத்தறிவு இரு தேடலுக்கும் வேண்டும். அதைக் கருவி தராது. கேட்பவரே கொண்டுவர வேண்டும்.