புதுசா வாங்கிய கேபின் படகை ரோட்டில் கொண்டு போகணுமா? கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் கேபின் குரூஸர் படகை வாங்கி, இன்னொரு மாநிலத்துக்கு டிரெய்லரில் கொண்டு செல்பவர்கள் ஏராளம். அதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

அளவு எவ்வளவு?

அகலம் 8.5 அடியைத் தாண்டினால், வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்திலும் பொதுவாக தனி அனுமதி வாங்கணும். உயரத்தை டிரெய்லரில் ஏற்றிய பிறகே அளக்கணும். பல மாநிலங்களில் உயர வரம்பு 13.5 அடிதான். இதைக் கவனிக்காமல் விட்டால் படகின் மேல்பகுதி பாலத்தில் மோதும்.

எதைக் கழற்றணும்?

ரேடார், ஆன்டெனா, துணிக்கூரை ஆகியவற்றைக் கழற்றி கேபினுக்குள் கட்டி வைக்கணும். நெடுஞ்சாலைக் காற்றில் துணிக்கூரை கிழிந்துவிடும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கணும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ கூடுதல் எடை. அதனால தண்ணீர் டேங்க்கை காலி செய்யணும், எரிபொருளையும் குறைச்சுக்கணும்.

தேங்கிய தண்ணீரால் என்ன ஆபத்து?

1988-ல் கிரேட் லேக்ஸ் பகுதியில் கண்டறியப்பட்ட ஜீப்ரா மஸ்ஸல் சிப்பிகள், படகுகள் மூலம் பல ஏரிகளுக்குப் பரவி குடிநீர்க் குழாய்களை அடைக்கின்றன. அதனால்தான் மினசோட்டாவில் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டே படகை ரோட்டில் கொண்டு போகணும் என்று சட்டம் இருக்கு.

லாரிக்காரரிடம் ஒப்படைக்கும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. சேதம் ஏற்பட்டால் அதுதான் ஆதாரம். போய்ச் சேர்ந்ததும், தண்ணீரில் இறக்கும் முன் அந்த அடைப்பானை மறக்காமல் மாட்டுங்க. இல்லையென்றால் படகு மூழ்கிவிடும்.